முன்பக்கத்து மழை

ஸ்டெல்லா,

கூரை ஒழுகவில்லை. நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் கொட்டுகிற மழையில், மலையில் வளைந்து போகிற கேப் ரோடு முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்தோம். உன் வண்டிப் பெட்டிக்குள் ஒரு சொட்டு விழவில்லை. யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. நானே உள்ளே உட்கார்ந்து போனேன், என் கண்ணால் பார்த்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அது சந்தோஷத்தில் வந்த கோணல் என்று எடுத்துக்கொள். நான் ஒற்று விட்ட இடத்தையெல்லாம் அனு பக்கத்தில் இருந்து போட்டுக்கொண்டு வருகிறாள். உன் மகள் நாலாம் கிளாஸ்தான், ஆனால் டீச்சரம்மா தோரணை அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் என் படிப்பை எட்டிப் பிடித்துவிடுவாள், அதற்கு அடுத்த வருஷம் தாண்டிப் போய்விடுவாள். அவள் தாண்டுகிற அன்றைக்குப் பாயசம் வைப்பதென்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் எடுத்தேன், நாலு தடவை. போனில் நான் ஆரம்பித்தால் நீ "பரவாயில்லைம்மா, விடும்மா" என்று முடித்துவிடுவாய். இந்த விஷயத்தை நீ பாதியில் முடிக்கக் கூடாது, நானும் பாதியில் விடக் கூடாது. அதனால்தான் அனுவின் ரூல் போட்ட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருக்கிறார். மறையூர் வழியாக உடுமலை பஸ் பிடித்து, அங்கிருந்து திருப்பூர் வந்து உன் கையில் கொடுப்பார். நீ திங்கட்கிழமை பனியன் கம்பெனியில் சேரப் போகிறாய். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமையே, உன்னிடம் பெட்டியை விலை பேசிய பூப்பாறைக்காரர், ரோட்டோரம் சாப்பாட்டுத் தட்டுக்கடை வைப்பதற்காக அதைக் கழற்றி எடுத்துப் போக ஆளோடு வருகிறார். இரண்டுக்கும் முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டு என்ன முடிவு வேண்டுமானாலும் எடு. ஆனால் தெரியாமல் எடுக்காதே.

இனி எழுதப் போவதை அனு திருத்த வேண்டாம். அவளைப் பக்கத்தில் பாக்கியம் வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தக் கூரையை ஒழுக வைத்தது நீ இல்லை, நான்.

பெட்டிக்குக் கூரை போட்ட நாளை நினைத்துப் பார். முற்றத்தில் உன் பிக்கப் வண்டி பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு மாதமாகச் சட்டம் அடித்து, பிளைவுட் அறுத்து, கட்டில் பலகையும் தையல் மெஷின் மேசையும் பொருத்தி முடித்திருந்தீர்கள். மூன்று அலுமினியத் தகடு. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றை ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறும்படி போட்டு முறுக்க வேண்டியதுதான் பாக்கி. நீ முன் தகட்டைக் கையில் எடுத்து, நடுத் தகட்டின் மேல் ஏறுகிற மாதிரி வைத்துப் பார்த்தாய். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தேன். ஏனென்றால் எனக்குத் தெரிந்த முறை வேறு. எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்த காலமெல்லாம் காற்றில் தகரம் பிய்ந்து போகும்போது நானும் உன் அப்பாவும்தான் ஏறி மாற்றுவோம். மழை வருகிற பக்கத்துத் தகரம் மேலே, மற்றது அதற்குக் கீழே. அப்போதுதான் காற்று தண்ணீரை இடுக்குக்குள் தள்ளாது. நம் பக்கத்துக்கு மழை எங்கிருந்து வரும்? பள்ளத்திலிருந்துதான் ஏறி வரும். என் ஆயுசில் அது வேறு பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றதா, பின் தகடு மேலே வர வேண்டும், அதற்குக் கீழே நடுத் தகடு, அதற்கும் கீழே முன் தகடு. அப்படித்தான் போட வேண்டும் என்று நின்றேன்.

நீ ஏணியில் நின்றபடி, "அம்மா, வண்டி ஓடுறப்ப..." என்று ஆரம்பித்தாய்.

நான் உன்னை முடிக்க விடவில்லை. பாக்கியமும் இன்னும் நாலு பெண்களும் முற்றத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆள் இருந்தால் எனக்குக் குரல் கூடும், உனக்குத் தெரியும். "வண்டி ஓடினா என்னட்டி? மழைக்குத் தெரியுமா வண்டி ஓடுதா நிக்குதான்னு? முப்பத்திரெண்டு வருசம் மழைக்குள்ள நின்னு கொழுந்து எடுத்தவ நான். எனக்கு மழையப் படிப்பிக்கியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம், "ஸ்டெல்லா, ஒங்கம்மாட்ட ஜெயிச்சுட்டா எங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தாரேன்" என்றாள். நீயும் சிரித்தாய். கையில் இருந்த முன் தகட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நான் சொன்னபடியே பின் தகட்டை மேலே ஏற்றினாய். அன்றைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒழுகவில்லை. அந்த வாரமே முதல் மழை வந்தது, முற்றத்தில் நின்ற வண்டி ஒழுகவில்லை. நான் போகிற வருகிற ஆளையெல்லாம் பிடித்து, கூரை என் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடந்ததில் என் பங்கு எது என்று நீ பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பஸ் எட்டாத எஸ்டேட்டுகளில் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மூணாறுக்கு இறங்க வேண்டியிருக்கிறது, நாமே அவர்கள் லயத்துக்குப் போய் வண்டியிலேயே தங்கித் தைத்துக் கொடுத்தால் என்ன என்று நீ சொன்னபோது, என் மகளுக்கு எப்படி இந்த மூளை வந்தது என்று மலைத்துப் போனேன். முதல் சுற்றிலேயே முப்பது வீட்டுத் துணி உன் கையில் சேர்ந்தது. வெட்டித் தைத்து, பட்டன் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்திருந்தாய். திரும்பி வருகிற வழியில் மழை. வண்டி ஓட ஓட, கூரை இடுக்கில் தண்ணீர் இறங்கி, பிளைவுட்டின் காவிச் சாயத்தையும் சேர்த்துக்கொண்டு, மேலே அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டை அத்தனையின் மேலும் சொட்டியிருக்கிறது. நீ பின் கதவைத் திறந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அழவில்லை. ஒவ்வொரு சட்டையாக எடுத்து உதறி, கறையைப் பார்த்து, மடித்து, வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாய்.

நீ புதுத் துணி எடுத்து மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டாய். யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியது நான்தான். நிறுத்தி வைத்து ஊற்றினால் ஒழுகவில்லை, ஓட்டினால் ஒழுகுகிறது. மாப்பிள்ளை இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்தார், இரண்டு தடவை ஓடியதும் அதிர்ச்சியில் பசை விரிந்துவிட்டது. வெல்டிங்காரர் வந்து பார்த்துவிட்டு, குலுக்கலில் சட்டம் விலகுகிறது, பெட்டி மொத்தமும் தப்பு என்றார். நீ அதை நம்பிவிட்டாய். அந்தக் காலையில் நீ வாசலில் உட்கார்ந்திருந்தாய். நான் காபி டம்ளரை உன் பக்கத்தில் வைத்துவிட்டு, "பொம்பளைக்கு எதுக்கு வண்டியும் பெட்டியும்? பேசாம ஒரு கம்பெனில போயி உக்காந்து தைச்சா போதாதா?" என்றேன். நீ காபியைக் குடித்து முடித்தாய். மறுநாள் திருப்பூருக்குப் போன் பண்ணினாய். ஸ்டெல்லா, கம்பெனி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் அதில் பிழைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஆனால் நீ விரும்பிப் போனது இல்லையே அது. என் வாய்தான் உன்னை பஸ் ஏற்றிவிட்டது.

இனி நல்ல பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்க மூணாறுக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது, இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை. மழை முகத்தில் அடிக்கிறது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கேப் ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நின்றவுடன் மழை என் முகத்தை விட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கமிருந்து தோளில் அடித்தது. சரி, மழை அதன் பக்கத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். மண்ணை ஒதுக்கி பஸ் கிளம்பியது. மறுபடி முகத்தில். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாத்திரை வாங்கித் திரும்பும்போது பார், என் நேரம், அதே பஸ், அதே ஜன்னல்தான் காலியாக இருந்தது. ஷட்டர் சிக்கினது தெரிந்து மற்றவர்கள் உட்காரவில்லை. நான் யோசித்தேன், போகும்போது முகத்தில் அடித்தது, இப்போது பஸ் திரும்பி எதிர்ப்பக்கம் போகிறது, அதனால் மழை பிடரியில் அடிக்கும், முகமாவது தப்பும் என்று.

பஸ் கிளம்பியது. மழை முகத்தில் அடித்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகும்போதும் முன்னாலிருந்து, வரும்போதும் முன்னாலிருந்து. பள்ளம் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும், ஓடுகிற பஸ்ஸுக்கு மழை முன்னாலிருந்துதான் வருகிறது. வீடு நிற்கிற இடத்தில் நிற்கும், அதற்கு மழையின் பக்கம் ஒன்றுதான். வண்டி அப்படியா? வண்டி தானே போய் மழைக்குள் முட்டுகிறது! "அம்மா, வண்டி ஓடுறப்ப" என்று நீ ஏணியில் நின்றுகொண்டு சொல்ல வந்தது இதைத்தானே. முப்பத்திரண்டு வருஷம் நான் மழையில் நின்றேன் என்று பெருமை பேசினேனே, நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ஓடவில்லையே ஒரு நாளும்.

"ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். கண்டக்டர் ஓடி வந்தார். "எந்தா அம்மச்சி, எந்து பற்றி?" என்று மலையாளத்தில் என்ன ஆச்சென்று கேட்டார்.

"மழ முன்னாடிருந்து வருதுப்பா!" என்றேன்.

அவர் ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது சாரமில்லா அம்மச்சி, இப்புறம் மாறி இரிக்கூ" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி வேறு சீட்டைக் காட்டினார். "இல்லப்பா, இங்கயே இருக்கேன். நல்லா அடிக்கட்டும்" என்று சொல்லி, போர்த்தியிருந்த முந்தானையையும் எடுத்துவிட்டேன். இறங்குகிற வரைக்கும் அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி இறக்கிவிட்டார்.

மாப்பிள்ளை ரிசார்ட்டில் காலை வேலை முடித்துவிட்டு வந்து படுத்திருந்தார். எழுப்பிவிட்டேன். நனைந்த சேலையோடு நின்று நான் சொல்வதைக் கேட்டு முதலில் பயந்துவிட்டார். அப்புறம் எழுந்து போய் ஏணி போட்டு ஏறி, இரண்டு இடுக்கையும் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டின் வாயும் முன்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது, சட்டைப் பை மாதிரி. "அட ஆமாங்க அத்தை! மழையை ரெண்டு கையும் நீட்டி வாங்கி உள்ள ஊத்தற மாதிரியல்லங்க வச்சிருக்கறோம்!" என்று மேலேயே நின்று சிரித்தார். "நீங்க ஒண்ணும் வைக்கல மாப்ள. நான்தான் வச்சேன்" என்றேன். உன் புருஷன் நல்ல மனுஷன். "நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன், எனக்கும் தோணலையே" என்று பாதிப் பழியை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். நான் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. மூன்று தகட்டையும் கழற்றினோம். என்னை மேலே ஏற வேண்டாம் என்றார், நான் ஏறிவிட்டேன். "ஏனுங்க அத்தை, கீழ விழுந்தீங்கன்னா ஸ்டெல்லாவுக்கு நான் என்னன்னுங்க பதில் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கையால் என் சேலையைப் பிடித்தபடி வேலை செய்தார். இந்தத் தடவை பின்னாலிருந்து தொடங்கினோம். பின் தகட்டை முதலில் விரித்து, அதன் விளிம்பின் மேல் ஏறும்படி நடுத் தகடு, நடுத் தகட்டின் மேல் ஏறும்படி முன் தகடு. இடுக்கு ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய லாரி ட்யூபைப் பட்டையாக வெட்டி வைத்தோம். முன் தகட்டின் நுனியை அப்படியே விட்டால் காற்று அதன் அடியில் புகுந்து தூக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது, அதைப் பெட்டியின் நெற்றி மேல் மடக்கி இறக்கி முறுக்கிவிட்டார். தகடு இடம் மாறியதில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் வெளியே தெரிந்தன. பஞ்சர் கடையிலிருந்து ரப்பரும் பசையும் வாங்கி வந்து ஒவ்வொன்றுக்கும் ட்யூபுக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டினார். பதினெட்டு ஒட்டு. இப்போது உன் கூரை மேலிருந்து பார்த்தால் அம்மை வந்து தழும்பு போன முகம் மாதிரி இருக்கிறது. மேலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஏமாறுகிற வேலை இனி வேண்டாம் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் மழையில். நேற்று மத்தியானம் மலை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் காயப் போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதே, நான் ஜீப் ஓட்டுகிற தங்கராசு வீட்டுக்கு ஓடினேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கராசு, வண்டிய எடு. மழ வருது."

"மழ வந்தா வண்டிய விட்டுட்டு வீட்டுக்குள்ள போவாக. நீ என்னக்கா மழ வருது, வண்டிய எடுங்குற?"

"கேப் ரோட்டுல ஏறி எறங்கிட்டு வரணும். நான் பின்னாடி பெட்டிக்குள்ள இருப்பேன்."

"வழில போலீஸ் நிப்பாட்டிக் கேட்டா என்ன சொல்லட்டும்? பின்னாடி ஒரு கிழவிய அடைச்சு வச்சிருக்கேன்னா?"

"தையக்காரியோட ஆத்தா, கூரை பாக்க வந்திருக்கான்னு சொல்லு. வாடா."

சுவரை ஒரு தட்டுத் தட்டினால் போ, இரண்டு தட்டினால் நில் என்று பேசிக்கொண்டோம். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். கட்டில் பலகை மேலே, இடுக்கு வருகிற இடத்துக்கு நேர் கீழே, சர்ச்சில் பூசைக்குக் கட்டுகிற என் வெள்ளைச் சேலையை விரித்தேன். மாப்பிள்ளை தடுத்தார், பழைய வேட்டி போதுமே என்றார். முப்பது வீட்டு வெள்ளைத் துணி நனைந்த இடம் அது. என் துணியும் ஒன்று அங்கே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கதவைச் சாத்தியதும் வண்டி கிளம்பியது. ஐந்து நிமிஷத்தில் பிடித்தது பார் மழை, கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. வளைவுக்கு வளைவு நான் ஒரு பக்கம் சாய்கிறேன், உன் மெஷின் மேசையைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி இடுக்கையே பார்க்கிறேன். கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணை எடுக்கவில்லை. மேடு ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான் வேகம் கூடும், இப்போது வரும், இப்போது வரும் என்று மேசையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்போது சொட் என்று என் உச்சந்தலையில் ஒரு துளி விழுந்தது.

ஸ்டெல்லா, அந்த ஒரு நிமிஷம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. எல்லாம் போச்சு, இனி அவளிடம் எதைச் சொல்லி நிற்பேன் என்று தோன்றியது. கை வைத்துத் துடைத்தேன். இன்னொரு சொட்டு. மேலே பார்த்தால் என் தலைக்கு நேரே ஆணியில் என் குடை தொங்குகிறது! தங்கராசு வீட்டுக்குத் தூறலில் பிடித்துக்கொண்டு போன குடை. நான்தான் மாட்டியிருக்கிறேன், மாட்டியது நினைவில்லை. குடையைக் கழற்றிக் காலடியில் போட்டேன். சேலையைத் தடவினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், கையைத் திருப்பிப் புறங்கையால்கூடத் தடவினேன். காய்ந்த துணி. அப்போதுதான் எடுத்து விரித்த மாதிரி மொறுமொறுவென்று.

எனக்கு என்ன வந்ததோ, கரண்டியால் சுவரைத் தட்டினேன், தட்டினேன், கணக்கே இல்லாமல் தட்டினேன். தங்கராசு பதறிப் போய் ஓரம் கட்டி, கொட்டுகிற மழையில் ஓடி வந்து கதவைத் திறந்தான். "என்னக்கா, விழுந்துட்டியா? நெஞ்சு வலியா?"

"உள்ள வந்து பாருடா! தொட்டுப் பாரு!"

"எதத் தொட?"

"சேலையத்தான்!"

தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து நின்றவன், ஈரக்கையை நீட்டிக்கொண்டு உள்ளே ஏறப் பார்த்தான். நான் கரண்டியால் அவன் கையிலேயே ஒரு போடு போட்டேன். "ஈரக் கையி! தொடாத!" என்றேன். "தொடுங்குற, தொடாதங்குற. ஒங்க குடும்பத்துக்கே கூரையோட சேந்து மரையும் கழண்டிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் பார், அந்த மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

சிரிப்பு அடங்கின பிறகு, திரும்பி வருகிற வழியில், உன் அப்பா நினைவு வந்தது. உனக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அவர் உன்னை எஸ்டேட் லாரியில் ஏற்றிப் பந்து விளையாடுகிற மைதானத்தில் ஓட்டப் பழக்கியதும், சாமியார் வராததால் நான் சீக்கிரம் திரும்பிய அன்றைக்கு, ஸ்டியரிங்குக்கு மேலே உன் தலை மட்டும் தெரிய ஒரு லாரி ஊர்ந்து வருவதைப் பார்த்து அதன் முன்னால் போய் நின்றதும் நினைவிருக்கும். அவர் இறங்கி வந்து, "அவ கிளச்ச விடுறது என்னையவிட நல்லா இருக்கு. வந்து ஒக்காந்து பாரு" என்றார். நான் உட்காரவில்லை. உன்னைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனேன். இரண்டு வருஷம் நீ ஸ்டியரிங்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு வருஷத்தை உன்னிடமிருந்து எடுத்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. நேற்று நான் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது ஸ்டெல்லா, ஓடுகிற வண்டி. அவர் கூப்பிட்டபோதே ஏறியிருக்கலாம்.

புத்தி சொல்லாமல் எந்த அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள், நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று உன்னை வளர்த்தேன், அது சரிதான். ஆனால் வேலை நடக்கிற இடத்தில் அந்த மரியாதையை வாயைப் பூட்டுகிற பூட்டாக நான் ஆக்கிவிட்டேன். இனிமேல் யார் குறுக்கே பேசினாலும், நானே பேசினாலும், ஆரம்பித்த பேச்சை முடி. "அம்மா, வண்டி ஓடுறப்ப" என்று நிறுத்தாதே. ஏணியிலேயே நில், தகட்டைக் கீழே வைக்காதே, மீதியைச் சொல். கேட்கிறவள் சத்தம் போட்டால் அவள் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து மறுபடி சொல். அனு எதையாவது சொல்ல வந்தால் நீயும் முழுசாகக் கேள். நானும் கேட்கப் பழகுகிறேன். இந்த வயதில் சீக்கிரம் வராது, ஆனால் ஆரம்பித்துவிட்டேன்.

இன்று காலை தண்ணீர்க் குழாயடியில், அன்றைக்கு முற்றத்தில் நின்று சிரித்த பெண்கள் அத்தனை பேரும் இருக்கும்போது சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கூரை ஒழுகுனது என்னாலதான். எம்மக சரியாத்தான் வச்சா. நான்தான் மாத்தி வைக்கச் சொன்னேன். பிள்ளைகளோட சட்டை என் வாயால கெட்டுச்சு" என்றேன். உன்னை நாலு பேர் முன்னால் அடக்கியதை நாலு பேர் முன்னால்தான் கழிக்க வேண்டும் என்று நினைத்தேன். பாக்கியம்தான் கடைசியில், "அப்ப நான் ஸ்டெல்லாவுக்கு டீ வாங்கித் தரணுமே! அவ எங்க?" என்றாள். அவள் எங்கே என்று நான் என்ன சொல்வேன்? திருப்பூரில் இருக்கிறாள், நான்தான் அனுப்பினேன் என்றேன். ஓணத்துக்குத் துணி தைக்க ஆள் இல்லை, டவுனுக்கு இறங்கினால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கேட்டதை எழுதினேன், உன்னை இழுப்பதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் இழுப்பதற்காகவும்தான்.

பூப்பாறைக்காரரிடம் போனில், ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஆனால் என் மகள் வாயால் சரி என்று கேட்ட பிறகுதான் போல்ட்டில் கை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது உன் பெட்டி. நீ கொடுக்கச் சொன்னால் நானே ஸ்பானர் எடுத்துக் கழற்றிக் கொடுப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனிதான் வேண்டும் என்றால் அனுவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

ஒருவேளை வருவதாக இருந்தால் ஒரு விண்ணப்பம். முதல் சுற்றுக்குப் போகும்போது முன் சீட்டில் எனக்கு இடம் வேண்டும். பட்டன் தைப்பேன், காஜா எடுப்பேன், சோறு பொங்குவேன். எந்த வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மீறி வாயைத் திறந்தால் வண்டியை ஓரம் கட்டி என்னை இறக்கிவிட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போ. பஸ் வருகிற இடமாக மட்டும் பார்த்து இறக்கு.

உன் அம்மா